கறுப்பு வளையல்

போன வாரம் பாட்டியை அனுப்பி வைத்தோம். இந்த வாரம் பெரியப்பா வந்து சேர்ந்தார். இரண்டில் எது பெரிய துக்கம் என்று கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். என் வாய் என்றைக்குத்தான் திறந்திருக்கிறது?

காலையில் எழுந்து பின்பக்கம் போனேன். போனதும் கால் நின்றுவிட்டது.

சுவரோரமாக வரிசையாக இருந்த அலுமினியத் தட்டுகள் அத்தனையும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

எங்கள் வீட்டில் ஒரு தட்டைக் கவிழ்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தத் தட்டில் சாப்பிட்ட ஜீவன் இனி வராது. அப்படி ஒன்று போய்விட்டால் பாட்டி தன் கையாலேயே தட்டைக் கழுவி, முந்தானையால் துடைத்து, கவிழ்த்து வைப்பாள். அன்று முழுக்க அதை யாரும் தொடக்கூடாது. மறுநாள் அந்தத் தட்டு வேறு யாருக்காவது போகும். தெருவில் பசிக்குப் பஞ்சமா என்ன?

இன்றைக்கு உயிரோடு இருக்கிற எல்லாருடைய தட்டும் கவிழ்ந்து கிடந்தது. மேனேஜர் தன் தட்டின் முதுகை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் நாய். வேலை ஒன்றும் செய்யாமல் வாசலில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் பாட்டி வைத்த பெயர். இப்போது அவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆனாலும் பதவியை விடவில்லை. யார் வந்தாலும் காலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவான்.

"எவன் பார்த்த வேலை இது?"

அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். துடைப்பம் கையில் இருந்தது.

"நான்தான் கவிழ்த்தேன்," என்று சமையலறை வாசலிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "இன்னைக்கு அம்மா படத்தைத் திறந்து வைக்க நாலு பெரிய மனுஷங்க வர்றாங்க. வந்தவங்க இது வீடா, மிருகக்காட்சி சாலையான்னு கேட்கக் கூடாது பாரு."

பெரியப்பா கண்ணாடி வியாபாரி. பெரிய பெரிய கடைகளுக்கு முகப்புக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். கண்ணாடியில் ஒரு விரல் ரேகை பட்டாலும் கைக்குட்டையை எடுத்துவிடுவார். இதே வீட்டில் பிறந்து, இதே தட்டுகளைத் தாண்டித் தாண்டி வளர்ந்தவர். கவிழ்த்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர் இல்லை. 

அம்மா குனிந்து மேனேஜரின் தட்டை நிமிர்த்தினாள். நேற்று மிஞ்சிய சோற்றைப் பிசைந்து வைத்தாள். மற்ற தட்டுகளையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

"இதுங்க சாப்பிடாம இந்த வீட்டுல யாரும் காப்பி குடிக்கிறதில்ல அத்தான். உங்களுக்கு மறந்து போயிருக்கும்," என்றாள்.

பெரியப்பா கையில் இருந்த காப்பி டம்ளர் ஏற்கெனவே காலியாகியிருந்தது.

அந்தப் பழக்கம் பாட்டியோடு இந்த வீட்டுக்குள் வந்தது. தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டார். மூன்று பிள்ளைகள். பெரியப்பா மூத்தவர், என் அப்பா நடு, அத்தை கடைசி. பாட்டி ஒரு மாணவர் விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விடுதியில் மிஞ்சியதை இரண்டு வாளியில் வாங்கி, கைப்பிடிக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு வருவாளாம். பின்னால் தெரு நாயெல்லாம் ஊர்வலம். "மகாராணி வர்றாங்க" என்று கடைக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்களாம். பாட்டி மணியை அடித்து வழி கேட்டுக்கொண்டே போவாளாம்.

எண்பதைத் தாண்டியும் சைக்கிளை விற்க விடவில்லை. ஓட்ட முடியாமல் போன பிறகு அதைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கைத்தடி பிடித்தால் கிழவி என்பார்கள், சைக்கிளைப் பிடித்தால் ஏதோ வேலையாகப் போகிறாள் என்று நினைப்பார்கள் என்பாள். அடிபட்ட காக்கை, கழுத்தில் கயிறு இறுகிய ஆடு, சாக்கில் கட்டி எறிந்த பூனைக்குட்டி என்று அவள் தூக்கி வராதது எதுவும் இல்லை. என் அப்பா போன பிறகும் இந்த வீட்டில் பாட்டியோடு இருந்தவள் அம்மா ஒருத்திதான். இருந்தாள் என்றால் சும்மா இல்லை. திட்டிக்கொண்டே இருந்தாள்.

"இதுங்க முடியைக் கூட்டிக் கூட்டியே என் இடுப்பு போச்சு" என்பாள். கூட்டியும் முடிப்பாள்.

*

அத்தை இரவு டியூட்டி முடிந்து நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். நர்ஸ் உடுப்பை மாற்றக்கூட இல்லை. அதற்குள் பெரியப்பா காரிலிருந்து பெரிய பொட்டலத்தை இறக்கிவிட்டார்.

"என் கடைச் சட்டம். நல்ல கனமான கண்ணாடி. கூடத்துல நடுவுல வைங்க."

பாட்டியின் படம். அத்தை ஆசையாகக் காகிதத்தைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாட்டி தனியாக ஒரு போட்டோவுக்கும் நின்றதில்லை. கூட்டத்தில் நிற்கச் சொன்னாலும் கையில் ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் நிற்பாள். முகம் தெளிவாக விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. படிக்கட்டுப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கரி என்ற கறுப்புப் பூனையை வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

இந்தப் படத்தில் பூனை இல்லை.

நாற்காலி இருந்தது. சிரிப்பு இருந்தது. மடி காலியாக இருந்தது. இரண்டு கையும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தன. கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட, கையை இறக்க மறந்துவிட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள் பாட்டி.

"அண்ணா," என்றாள் அத்தை மெதுவாக. "அம்மா என்ன, பந்து பிடிக்கிறாங்களா?"

"ஸ்டூடியோவுல கொடுத்து கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணேன். நாளைக்குப் பேரப் பிள்ளைங்க பார்க்கும்போது ஒரு மரியாதையா இருக்கணும்ல?"

"ஓகோ. பூனை இருந்தா மரியாதை ஓடிப் போயிடுமா?"

"ஆரம்பிச்சிடாத. வேலையைப் பாரு."

நான் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பாட்டியின் இடது மணிக்கட்டில் கறுப்பாக ஒரு வளையல் இருந்தது.

பாட்டி வளையல் போடவே மாட்டாள். காலில் ஏறிய முள்ளை எடுக்கும்போதும், புண்ணுக்கு மருந்து வைக்கும்போதும் வளையல் சத்தம் கேட்டால் அதுகள் மிரண்டுவிடும் என்பாள். இன்னும் குனிந்து பார்த்தேன். வளையலுக்குக் கொஞ்சம் முடி முளைத்திருந்தது.

அத்தையின் காதருகில் போய்ச் சொன்னேன். "அத்தை, அது வால்."

அத்தை என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். பூனையை அழித்த ஸ்டூடியோக்காரருக்கு, பாட்டியின் கையைச் சுற்றியிருந்த வால் வளையலாகத் தெரிந்திருக்கிறது. பாவம், நகை என்று நினைத்து ஜாக்கிரதையாக விட்டுவைத்திருக்கிறார்.

அத்தை முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கையை எடுத்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"பத்து மாசம் சுமந்தவளையே திருத்தி எழுதுறாரு பாரு உங்க பெரியப்பா. இவரு கடைக் கண்ணாடியில அழுக்கு இருந்தா துடைக்கலாம். அம்மாவைத் துடைக்க இவரு யாரு?"

வெளியே ஒரு மினி வேன் வந்து நின்றது. பின்பக்கம் கம்பி வலை அடித்திருந்தது.

*

"இதுங்களுக்கு ஊருக்கு வெளிய நல்ல இடம்," என்றார் பெரியப்பா. "மரம் இருக்கு, நிழல் இருக்கு. பார்த்துக்க ஆள் இருக்கு. நான் விசாரிச்சுட்டேன்."

வேனைப் பார்த்ததுமே பூனை கூரைக்கு ஏறிவிட்டது. பூனைக்கு எப்போதும் புத்தி அதிகம். மேனேஜர் மட்டும் வாசலில் உட்கார்ந்து, டிரைவரின் காலை முகர்ந்து பார்த்து, உள்ளே போகலாம் என்று வாலை ஆட்டி அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கேவா அத்தான்?" என்றாள் அம்மா.

"இன்னைக்கு விட்டா நான் எப்ப வருவேன்? எல்லாம் உனக்காகத்தான் பண்றேன். நாய் நாத்தம், பூனை முடின்னு நீ போன்ல புலம்பாத நாள் உண்டா? ஒரு வார்த்தை நன்றியாவது சொல்லு."

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் அறை வாங்கியவள் மாதிரி இருந்தது.

"புலம்பினேன்தான். உங்க தம்பியைப் பத்தியும்தான் தினம் புலம்பினேன். அதுக்காக அவரையும் வண்டி வெச்சு அனுப்பியிருப்பீங்களா?"

அத்தை "சபாஷ் அண்ணி" என்றாள். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அத்தை சட்டத்தைத் துடைப்பது போல் நடித்தாள்.

"அந்த இடத்துக்கு விலாசம் கொடுங்க அத்தான். போய்ப் பார்த்துட்டு வர்றோம்."

"டிரைவருக்குத் தெரியும். போ, நாற்காலியைப் போடு. ஆளுங்க வர்ற நேரம்."

பெரியப்பா உள்ளே போனதும் அத்தை அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா இருந்திருந்தா இந்த வண்டிக்காரர் கதி என்ன ஆகியிருக்கும், சொல்லுங்க. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது நாய் பிடிக்கிற வண்டி தெருவுக்கு வந்துச்சு. அம்மா என்ன பண்ணாங்க? கூண்டுக் கதவைத் திறந்து, உள்ள ஏறி, நாய்ங்களோட நாயா உட்கார்ந்துட்டாங்க. போறதுன்னா என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு. அவங்களும் விளையாட்டுன்னு நினைச்சு வண்டியை எடுத்துட்டாங்க. ஊரையே சுத்தி வந்தாங்க. கடைசியில அவங்களே கும்பிடு போட்டு எல்லாத்தையும் இறக்கி விட்டுட்டுப் போனாங்க. பெரிய அண்ணா வெளிய தலைகாட்டவே இல்ல. பசங்க எல்லாம் உங்க அம்மாவைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்கடான்னு கத்தினாங்களாம்."

அம்மா வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கூடம் நிறைந்துவிட்டது. பெரியப்பாவின் வியாபார நண்பர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு கண்டக்டரும், பால்காரம்மாவும், தெருக்காரர்களும் சுவரோரம் நின்றார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு வாசல் நிலையில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் உள்ளே கூடமும் தெரியும், வெளியே வேனும் தெரியும்.

உள்ளே பெரியப்பா பேசத் தொடங்கினார்.

"எங்க அம்மா ரொம்ப அமைதியானவங்க. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க..."

கண்டக்டருக்கு இருமல் வந்துவிட்டது. அவருடைய பேரன் ஓணானைக் கல்லால் அடித்ததற்காகப் பாட்டி அவர் வீட்டு வாசலில் நின்று போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. கேட்டவர்களில் பாதிப்பேர் இந்தக் கூடத்திலேயேதான் நின்றிருந்தார்கள்.

வெளியே டிரைவர் மேனேஜரைத் தூக்கி வேனில் ஏற்றினார். மேனேஜர் முரண்டு பிடிக்கவில்லை. கண் தெரியாதவன், மனிதர்கள் தூக்கினால் நல்லதற்குத்தான் தூக்குவார்கள் என்று பழகியவன்.

டிரைவர் கதவைச் சாத்தப் போனார். சாத்த முடியவில்லை. நடுவில் அம்மா ஏறிக்கொண்டிருந்தாள். இன்றைக்காக எடுத்து உடுத்திய நல்ல புடவையோடு, வலைக்குள் சம்மணம் போட்டு மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? இறங்குங்கம்மா. பெரியவர் திட்டுவாரு."

"நீ வண்டியை எடுப்பா. மரம், நிழல் எல்லாம் இருக்காமே. நானும் ஒரு நடை பார்த்துட்டு வர்றேன்."

"மரமா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். உள்ளே பெரியப்பாவின் குரல் தழுதழுத்தது. "நாங்க மூணு பேரும்தான் அவங்க உலகம்..."

"அம்மா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மரமும் இல்ல, மட்டையும் இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் குப்பைமேடு இருக்குல்ல, அங்க இறக்கி விட்டுட்டு வந்துடச் சொன்னாரு. நாய்க்குக் கண்ணு தெரியாதுன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லம்மா. சத்தியமா."

நான் செம்பை வாசல்படியில் வைத்தேன். 

குப்பைமேட்டில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பசித்த நாய்க் கூட்டம் ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிற நாயை அது விட்டுவைக்காது. கண் உள்ள நாயாவது ஓடும்.

அம்மா வேனிலிருந்து இறங்கினாள். மேனேஜரையும் இறக்கினாள். அவன் கழுத்தில் கை வைத்தபடியே என்னைத் தாண்டிக் கூடத்துக்குள் போனாள். புடவை முழுக்க நாய் முடி.

அதே நேரம் பால்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "தம்பி, குறுக்கே பேசுறேன்னு கோவிச்சுக்காதீங்க. அம்மா வளையலே போட மாட்டாங்களே. கையில இது என்ன?"

"அது பழைய வளையல்," என்றார் பெரியப்பா. "எங்க அப்பா வாங்கிக் கொடுத்தது."

அடப்பாவமே. பொய்க்குக் கால் மட்டும் இல்லை, வாலும் முளைத்துவிட்டது.

"அது வால்," என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"பூனையோட வால். என் மாமியார் மடியில கரி படுத்திருந்துச்சு. பூனையை அழிச்சவரு வாலை அழிக்க மறந்துட்டாரு. கிட்ட வந்து பாருங்க, முடி தெரியும்."

முன்வரிசையில் யாரோ எழுந்து குனிந்து பார்த்தார். "அட, ஆமா," என்றார். சுவரோரம் சிரிப்பு கிளம்பியது. பெரியப்பா கைக்குட்டையை எடுத்தார்.

"உள்ள போ," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாயை வெளிய விடு. சபையில எப்படி நடந்துக்கணும்னு தெரியாது?"

"தெரியாது அத்தான். கண்ணு தெரியாத ஜீவனைக் குப்பைமேட்டுல தள்ளிட்டு வரச் சொல்லிட்டு, இங்க வந்து அம்மா அம்மான்னு கண்ணைத் துடைக்கத் தெரியாது எனக்கு. மரம், நிழல்னு எங்கிட்டச் சொன்னீங்களே, எந்த மரம்? என்ன நிழல்? உங்க அம்மா கடைசி வாய் தண்ணி குடிக்கும்போது, மேனேஜர் சாப்பிட்டானான்னு கேட்டுட்டுத்தான் குடிச்சாங்க. நான் ஆமான்னு சொன்னேன். அந்த வார்த்தையை நீங்க பொய்யாக்குறதுக்கு நான் விட மாட்டேன்."

 அம்மா இவ்வளவு நீளமாகப் பெரியப்பாவிடம் பேசி நான் பார்த்ததே இல்லை. யாரும் பார்த்ததில்லை.

பெரியப்பாவின் முகம் கறுத்தது.

"போதும்! ஊரே சேர்ந்து அந்தம்மாவைத் தூக்கி வெச்சுக்கோங்க. உங்களுக்கு என்ன? வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்தவங்க நீங்க. நான் அந்த வீட்டுப் பிள்ளை. என் சட்டையில பூனை முடி, சாப்பாட்டுல பூனை முடி. பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே கிடையாது, நாய்க்காரி மகன்தான். என் கல்யாணத்துக்கு எங்க அம்மா எப்ப வந்தாங்க தெரியுமா? பந்தி முடிஞ்ச பிறகு! படிக்கட்டுக்கு அடியில ஒரு தெரு நாய் குட்டி போட முடியாமத் தவிச்சுதாம். பெத்த பிள்ளை கல்யாணத்தை விட்டுட்டு அதுக்குப் பிரசவம் பார்த்துட்டு, புடவையெல்லாம் ரத்தத்தோட வந்து நின்னாங்க. என் மாமனார் வீட்டு ஆளுங்க முன்னாடி! எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

  அவர் சொல்வதில் பொய் இல்லை. பாட்டி அப்படித்தான்.

பால்காரம்மாதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "குட்டிங்க பொழைச்சுதா தம்பி?"

"நாலும் பொழைச்சுது," என்றார் பெரியப்பா சட்டென்று. "ஒண்ணுதான் கொஞ்சம் நோஞ்சான். அதை நான்..."

நிறுத்திக்கொண்டார். சொல்ல நினைக்காததைச் சொல்லிவிட்டவர் மாதிரி கைக்குட்டையைப் பார்த்தார்.

"இதைச் சொல்லுங்க அத்தான்," என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது, சூடு இறங்கவில்லை. "கோவமாவே சொல்லுங்க. திட்டியே சொல்லுங்க. நானும்தான் ஆயுசு பூரா திட்டினேன். ஆனா அவங்களைச் சொல்லுங்க. அமைதியானவங்க, வளையல் போட்டவங்கன்னு இல்லாத ஒருத்தியைக் கொண்டுவந்து எங்க நடுவுல உட்கார வைக்காதீங்க."

"எனக்கும் ஒரு பங்கு கோவம் இருக்கு," என்றாள் அத்தை. "என் ஒரே பட்டுப் பாவாடையைக் கிழிச்சு ஆட்டுக்குக் கட்டுப் போட்டாங்க. கேட்டா, ஆட்டுக்குக் கால் முறிஞ்சிருக்கு, உனக்கு என்ன முறிஞ்சுதுன்னாங்க."

கண்டக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் அவர் ஓணான் கதையைச் சொன்னார். பால்காரம்மா, பாட்டி தன் மாட்டை முத்தமிட்ட கதையைச் சொன்னாள். முன்வரிசைக்காரர்கள்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஒரே சத்தம், சிரிப்பு, கண்ணீர். செத்தவள் எழுந்து வந்து கூடத்தில் வாளியோடு நிற்கிற மாதிரி இருந்தது.

பெரியப்பாவை மட்டும் காணவில்லை.

வாசலுக்கு வந்து பார்த்தேன். காரின் பின்கதவைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய எதையோ இருக்கையில் வைத்தார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வேன் டிரைவரிடம் போய்க் கத்தினார். வேன் காலியாகப் போனது. திரும்பி வந்து, கதவை அறைந்து சாத்தி, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

வாசலுக்கு ஓடி வந்த அத்தையிடம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இனி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். நாய்ங்களோட நீங்களே குடும்பம் நடத்துங்க."

*

சாயங்காலம் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அத்தை படத்தைக் கழற்றிப் பரண் மேல் போடப் போனாள். அம்மா தடுத்தாள்.

"இருக்கட்டும். வால் மட்டுமாவது இருக்கு."

பின்பக்கம் போய்க் கரண்டியால் தட்டைத் தட்டினாள். பாட்டி தட்டுகிற மாதிரியே இரண்டு தட்டு. ஒன்றும் வரவில்லை. கூரையிலிருந்து பூனை எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

"இந்தா, தட்டினா வர மாட்டீங்களா? தடிமாடுங்களா! ஊருக்கு முன்னாடி உங்களுக்காக மல்லுக்கட்டிட்டு வந்தா, மேல உட்கார்ந்து நோட்டமா பார்க்குறீங்க? சோறு காஞ்சு போகுது, இறங்கி வாங்க!"

பூனை குதித்தது. காக்கைகள் மதிலுக்கு வந்தன. அம்மாவின் தட்டு அவற்றுக்குப் புதிது. அவள் திட்டு பழையது.

மேனேஜர் வரவில்லை.

படிக்கட்டுக்கு அடியில் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தோம். அத்தை தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். கூடத்தில் அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருந்தபோது அவனை யாரும் கவனிக்கவில்லை. வாசல் கதவு அப்போது முழுக்கத் திறந்து கிடந்தது.

"வேன்காரர் திரும்பி வந்திருப்பாரோ?" என்றாள் அத்தை. அவளுக்கே அந்தக் கேள்வி பயமாக இருந்தது.

நான் பாட்டியின் அறைக்குள் போனேன். துக்கமானால் மேனேஜர் பாட்டியின் கட்டிலுக்கு அடியில்தான் போய்ப் படுப்பான். அங்கேயும் இல்லை. நிமிர்ந்தபோது சுவரில் ஆணி தெரிந்தது. ஆணியில் பாட்டியின் பழுப்புச் சால்வை இல்லை. பாட்டி போன நாளிலிருந்து அதன் கீழேதான் மேனேஜர் மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

செய்தித்தாளில் சுற்றி, யாருக்கும் காட்டாமல் பெரியப்பா எடுத்துப் போனது அதுதான்.

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே அத்தையின் போன் அடித்தது. அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க மேனேஜர் என் கார்ல இருக்கான்." பெரியப்பாவின் குரல் கரகரத்தது. "பின் சீட்டுக்குக் கீழ. எப்ப ஏறினான்னே தெரியல. சால்வை மேல தலையை வெச்சுப் படுத்திருக்கான். நான் எடுக்கப் போனா உறுமுறான்."

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க அத்தான்?" என்றாள் அம்மா.

 லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

"பாலத்துக்கிட்ட."

அத்தை என் கையைப் பிடித்தாள். பாலத்தின் அந்தப் பக்கம் குப்பைமேடு. காலையில் வேன் எங்கே போயிருக்க வேண்டுமோ, அங்கேயே மேனேஜர் தானாக ஏறிப் போய்ச் சேர்ந்திருக்கிறான். தடுக்க அங்கே யாரும் இல்லை. பார்க்கவும் யாரும் இல்லை.

"வண்டியில இவ்வளவு முடி," என்றார் பெரியப்பா. "என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா. நான் என்ன பண்ணட்டும்? சொல்லு."

அம்மா கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவன் மத்தியானத்துல இருந்து சாப்பிடல. முதல்ல அவனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்க. அதுக்கப்புறம் நீங்க சாப்பிடுங்க. அந்த வரிசையை மாத்தாதீங்க."

 கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மேனேஜர் ஒரே ஒரு தடவை குரைத்தான். போன் நின்றுவிட்டது.

அத்தை திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

"கதவை எதுக்கு அண்ணி திறந்தாரு? சோறு கொடுக்கவா, குப்பைமேட்டுல விடவா?"

அம்மா பின்பக்கம் போனாள். மேனேஜரின் தட்டை எடுத்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். கையில் வைத்துக்கொண்டே வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

பிறகு அதை நிமிர்த்தி வைத்தாள்.